மலைச்சரிவுத் தோட்டத்தில் லாண்டனா: எந்த வகையை நடலாம், எதை விட்டுவிடலாம்

குன்னூர், கோத்தகிரி, ஏற்காடு போன்ற மலையூர்களில் வீடு கட்டிக் குடியேறுபவர்கள் தோட்டத்துக்குச் செடி வாங்க நர்சரிக்குப் போனால், முதலில் கண்ணில் படுபவற்றுள் லாண்டனாவும் ஒன்றாக இருக்கும். மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, ஊதா என நிறங்கள் பல. விலை குறைவு, ஆண்டின் பெரும்பகுதி பூக்கும், ஆடுமாடுகள் எளிதில் வாய் வைக்காது, இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினாலும் வாடி நிற்காது. இந்தப் பாராட்டுகள் எல்லாம் உண்மை. சாலையோரச் சரிவிலும் தேயிலைத் தோட்டத்து ஓடைக்கரையிலும் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி இதன் நெருங்கிய உறவு என்பதும் உண்மை. அதனால் மலைத்தோட்டம் போடும் ஒருவர் முன்னே நான்கு வழிகள் இருக்கின்றன. நர்சரியில் கிடைக்கும் சாதாரணப் புதர் லாண்டனாவை நடலாம். காய் பிடிக்காத குட்டை வகையைத் தேடி வாங்கலாம். ஊதாப் பூப் பூக்கும் படர் லாண்டனாவை நடலாம். அல்லது லாண்டனாவையே விட்டுவிட்டு, அது தரும் பலன்களை வேறு செடிகளிடம் பெறலாம். எது யாருக்குப் பொருந்தும் என்பதற்கு, செடியின் அழகைவிட வேலிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதே விடை சொல்கிறது என்பது என் முடிவு.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த முடிவின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது. லாண்டனா வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி. உறைபனி விழுந்தால் இலையும் இளந்தண்டும் கருகிவிடும். கடுங்குளிர் நீடித்தால் வேரோடு செத்துப்போகும். ஜெர்மனியில் இதைத் தொட்டியில் வளர்த்து, குளிர்காலத்துக்கு முன் வீட்டுக்குள் எடுத்து வைக்கிறார்கள். வெளியிலேயே விட்டுவிட்டால் அடுத்த கோடைக்கு அது இருக்காது. அப்படிப்பட்ட நாட்டில் இது வேலி தாண்டிக் காட்டுக்குள் புகுந்துவிடுமோ என்று ஒருவர் கவலைப்பட வேண்டியதில்லை. ஆண்டுதோறும் குளிரே காவல் நிற்கிறது. சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரிலோ, 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டிலோ அந்தக் காவல் இல்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் பத்து டிகிரியை ஒட்டி இறங்கும்போது செடியின் வளர்ச்சி மந்தமாகும், பூ குறையும், சில இலைகள் செம்மை பாயும். மார்ச்சில் வெயில் ஏறியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஊட்டியில் தலைக்குந்தா போன்ற உறைபனி இறங்கும் பள்ளங்களில்கூட மேற்பகுதி கருகிய செடி அடித்தண்டிலிருந்து மீண்டும் துளிர்ப்பதுண்டு. வெளிநாட்டுத் தோட்டக் குறிப்புகளைப் படித்துவிட்டு இங்கே நடுபவர்கள் கவனிக்காமல் விடும் செய்தி இதுதான்: அந்தக் குறிப்புகள் பெரும்பாலும் ஓராண்டுச் செடியாக நினைத்து எழுதப்பட்டவை, மிதமான குளிரில் அது பல்லாண்டு நிற்கும் மரத்தண்டுப் புதர்.

சாதாரணப் புதர் வகையை எடுத்துக்கொள்வோம். வளர்ப்பதற்கு இதைவிட எளிய பூச்செடி மலையில் குறைவு. நாளுக்கு ஆறு மணி நேர வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் போதும். உரம் அதிகம் போட்டால் இலை செழித்துப் பூ குறையும் என்பதால், அந்தச் செலவும் இல்லை. மூடுபனி நின்று கொண்டே இருக்கும் வடக்குச் சரிவிலும், மரநிழலிலும் மட்டும் இலையில் சாம்பல் நோய் படியும். கிளை நுனியில் விரல் நீளத்துக்கு வெட்டி ஈர மணலில் செருகினால் மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடித்துவிடும். பூங்கொத்தை அருகில் வைத்துப் பார்த்தால் ஓரத்துப் பூக்கள் சிவந்தும் நடுவில் இருப்பவை மஞ்சளாகவும் இருக்கும். மலரும்போது மஞ்சளாக இருந்து, மகரந்தம் சேர்ந்தபின் நிறம் மாறும் ஏற்பாடு அது. தேன் தேடி வரும் பூச்சி மஞ்சளையே நாடுகிறது, வேலை முடிந்த பூவில் நேரத்தைக் கழிப்பதில்லை. பழைய பூக்களும் உதிராமல் நிற்பதால் கொத்து தொலைவிலிருந்து பெரிதாகத் தெரிகிறது. நீலகிரிச் சரிவுகளில் பொன்னழகி போன்ற பெரிய வண்ணத்துப்பூச்சிகள் லாண்டனாப் பூவில் இறங்கித் தேன் குடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் செடியின் மேல் ஆசை வருவதில் வியப்பில்லை.

ஆனால் அந்த மகரந்தச் சேர்க்கைக்குப் பின் நடப்பதுதான் பிரச்சினை. இதழ் உதிர்ந்த இடத்தில் பச்சை மணிகள் கொத்தாகத் திரண்டு, சில வாரங்களில் கருநீலமாகப் பழுக்கின்றன. நன்கு வளர்ந்த ஒரு புதர் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் பழம் தரும். செம்மீசைச் சின்னான் உள்ளிட்ட பறவைகள் அவற்றை விரும்பித் தின்று, விதையை எச்சத்தோடு ஓடைக்கரையிலும் சோலை ஓரத்திலும் மின்கம்பிக்கு அடியிலும் போடுகின்றன. வீட்டுக்காரர் தம் தோட்டத்தை எவ்வளவு ஒழுங்காகக் கவாத்து செய்தாலும், பறவை போகும் தொலைவுக்கு அவர் பொறுப்பேற்க முடியாது.

'காட்டில் இருப்பது வேறு வகை, இது தோட்ட வகை, பரவாது' என்று நர்சரிகளில் சொல்வதுண்டு. இதை நான் ஏற்கவில்லை, காரணம் வரலாற்றிலேயே இருக்கிறது. லாண்டனா இந்தியாவுக்குக் களையாக வரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச்செடியாகத்தான் கொண்டுவரப்பட்டது. ஐரோப்பியத் தோட்டங்களில் பல இனங்களை இனக்கலப்புச் செய்து உருவாக்கிய வகைகளே உலகெங்கும் போய், வேலியைத் தாண்டி, காடுகளில் இன்று நாம் பார்க்கும் கலப்பின முட்புதராக மாறின. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இதற்கும் இடமுண்டு. 2020இல் வெளியான ஆய்வொன்று, இந்தியாவின் புலி வாழிடக் காடுகளில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பரப்பில் இது பரவியிருப்பதாகக் கணித்தது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் பயணம் செய்தவர்களுக்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. சாலையிலிருந்து பத்தடிக்கு அப்பால் புல் இருக்க வேண்டிய இடமெல்லாம் லாண்டனா. புல் போனால் மான், காட்டெருமைக்கு மேய்ச்சல் போகிறது; உலர்ந்த லாண்டனா புதர் கோடையில் தரைத்தீயை மேலே ஏற்றிவிடுகிறது. இதை அழிக்கப் பூச்சிகளை இறக்குமதி செய்து பார்த்தும் புதர்கள் அடங்கவில்லை. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிக் காடுகளை மீட்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. காட்டில் கூலி கொடுத்துப் பிடுங்கிக்கொண்டிருக்கும் செடியை, காட்டை ஒட்டிய தோட்டத்தில் விலை கொடுத்து நடுவதற்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

இன்னொரு காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இலையில் இருக்கும் லாண்டடீன் என்னும் நச்சுப்பொருள் கால்நடையின் கல்லீரலைத் தாக்கும்; மாடோ ஆடோ போதிய அளவு தின்றுவிட்டால் மஞ்சள் காமாலை கண்டு, வெயில் பட்ட தோல் வெந்ததுபோல் உரியும். வழக்கமாகக் கால்நடை இதைத் தவிர்க்கும் என்றாலும், கோடையில் வேறு பசுமை இல்லாதபோதும், புதிதாக வாங்கி வந்த மாடு பழகாத மேய்ச்சலில் விடப்படும்போதும் தின்றுவிடும். பழுத்த பழத்தைக் கிராமத்துப் பிள்ளைகள் பறித்துத் தின்பது பழைய வழக்கம். ஆனால் பச்சைக் காய் நஞ்சு. எது பழுத்தது, எது பழுக்காதது என்று பிரித்தறியாத சிறு குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் பச்சை மணிகள் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கக் கூடாது. கவாத்து செய்யும்போது கையுறை போட்டுக்கொள்வதும் நல்லது. சொரசொரப்பான இலையும் தண்டில் இருக்கும் வளைமுள்ளும் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும்.

இரண்டாவது வழி, காய் பிடிக்காத வகைகள். மூன்று குரோமோசோம் தொகுதிகள் கொண்ட மும்மடியச் செடிகளில் விதை ஒழுங்காக உருவாவதில்லை என்பதே இவற்றின் அடிப்படை. குளிர் மிகாத அமெரிக்க மாநிலமான ஃபுளோரிடாவில் இந்தச் சிக்கல் நம்முடையதை ஒத்தது: அங்கே தப்பியோடிய தோட்ட லாண்டனா, அந்த மண்ணுக்கே உரிய அரிய லாண்டனா இனம் ஒன்றோடு கலந்து அதன் தனித்தன்மையையே அழித்து வருகிறது. ஃபுளோரிடாப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் உழைத்து, விதையும் பிடிக்காத, மகரந்தமும் பயன்படாத 'புளூமிஃபை' என்னும் வகைகளை உருவாக்கியது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம், விதை பிடிக்காததும் மகரந்தம் செயலற்றிருப்பதும் ஒன்றல்ல என்பது. சில வகைகள் தாம் காய்க்காவிட்டாலும், அவற்றின் மகரந்தம் அடுத்த சரிவில் நிற்கும் காட்டுச் செடியைக் காய்க்க வைக்கக்கூடும். இரண்டையும் சோதித்துச் சான்றளித்த வகை என்றால் மட்டுமே முழு நம்பிக்கை வைக்கலாம்.

நம் ஊர் நர்சரிகளில் அப்படிப்பட்ட சான்றோ, பல நேரங்களில் வகையின் பெயரோகூட இருப்பதில்லை. மஞ்சள் பூக்கும் குட்டை வகைகளில் சில மிகக் குறைவாகக் காய்க்கின்றன என்பது உண்மைதான், ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறலாம். வாங்கும் முன் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. புதிதாகப் பை மாற்றிய கன்றை விட்டு, நர்சரியில் வெயில்படும் இடத்தில் ஒரு பருவமாவது நின்ற தாய்ச்செடியைக் காட்டச் சொல்லுங்கள். பூ முடிந்த கொத்துகளின் காம்பைத் திருப்பிப் பாருங்கள். காய்க்கும் வகையானால் காம்பு நுனியில் கடுகு அளவிலிருந்து மிளகு அளவு வரை பச்சை மணிகள் ஒட்டியிருக்கும். காய்க்காத வகையில் பூக்கள் முழுமையாக உதிர்ந்து, மொட்டைக் காம்பு மட்டும் நிற்கும், பின் அதுவும் உலர்ந்து விழும். பத்துப் பதினைந்து கொத்துகளைப் பார்த்தும் ஒரு மணியும் தென்படாவிட்டால், அந்தத் தாய்ச்செடியின் பதியன் கன்றை வாங்கலாம். விதையிலிருந்து வந்த கன்று என்று சொன்னால், அது காய்க்கும் வகை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். காய்க்காத வகைக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு: காய்க்குச் செல்ல வேண்டிய சத்து பூவுக்கே போவதால், இடைவெளி குறைவாகத் தொடர்ந்து பூக்கும்.

மூன்றாவது, படர் லாண்டனா. இது வேறு இனம். பிரேசிலின் தென்பகுதி, உருகுவே, அர்ஜென்டினா பகுதிகளைச் சேர்ந்தது. தண்டு மெல்லியது, முள் இல்லை, இலை சிறியது. பூ வெளிர் ஊதா. புதர் லாண்டனாவைப் போல் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறுவதில்லை. கல்லடுக்கிய தடுப்புச் சுவரின் மேலிருந்து கீழே தொங்கவிட இதைவிடப் பொருத்தமான செடி அரிது. மழையில் மண் கரையும் சரிவைத் தரையோடு மூடிக் காக்கவும் செய்யும். குளிரிலும் இது புதர் வகையைவிடச் சற்றுத் தாக்குப்பிடித்துப் பூக்கும். இந்தியாவில் இது காட்டுக்குள் மண்டிய செய்தி புதர் வகைக்கு இருப்பதுபோல் இல்லை. இதைக் கேட்டதும் ஐயமின்றி நடலாம் என்று தோன்றும். ஆனால் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே படர் லாண்டனா மேய்ச்சல் நிலங்களில் பரவி, விற்கக் கூடாத செடிகளின் பட்டியலுக்குப் போயிருக்கிறது. கால்நடைக்கு நச்சாகலாம் என்ற ஐயமும் இதன்மேல் உண்டு. ஊருக்குள் இருக்கும் சுவருக்கு இதைப் பரிந்துரைப்பேன். புல்வெளியோ மேய்ச்சல் நிலமோ அடுத்திருந்தால் தயங்குவேன். எங்கே வைத்தாலும், தண்டு மண்ணைத் தொடும் கணுக்களில் வேர் விடும் என்பதால், ஆண்டுக்கு இரண்டு முறை எல்லையைச் சுற்றி வெட்டி ஒடுக்க வேண்டும்.

நான்காவது வழியில் ஒரே செடி எல்லா வேலையும் செய்யாது. லாண்டனாவை எதற்காக விரும்பினோமோ, அதற்கேற்ற செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீண்ட காலம் பூக்கும், வறட்சி தாங்கும், வேலிபோல் அடர்ந்து நிற்கும் புதர் வேண்டுமென்றால் நீலக் கொடிவேலியே என் முதல் தேர்வு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்ததென்றாலும், பறவை தின்னும் பழம் இதற்கு இல்லை. பூவின் அடியில் இருக்கும் பிசுபிசுப்பான புல்லிவட்டத்தோடு விதை விலங்கின் மயிரிலோ நம் உடையிலோ ஒட்டிப் போகலாம்; சின்னான் சுமக்கும் தொலைவோடு ஒப்பிட்டால் அது சிறிது. இலேசான உறைபனியையும் தாங்கும் செடி என்பதால் ஊட்டிப் பக்கத்துக்கும் பொருந்தும். இதற்கு மேல் ஒரு சிறப்பு இருக்கிறது. வரிவரியாகக் கோடிட்ட சிறிய நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று கொடிவேலி மொட்டுகளில் முட்டையிடுகிறது. அதன் புழு அங்கேயே தின்று வளர்கிறது. லாண்டனாவில் வண்ணத்துப்பூச்சி தேன் குடிக்கும், அவ்வளவே. நம் ஊர்ப் பூச்சி முட்டையிட்டுக் குடும்பம் வளர்க்க அது இடம் தருவதில்லை. வண்ணத்துப்பூச்சிக்காகத் தோட்டம் போடுகிறேன் என்பவர் இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும்.

லாண்டனாவின் கொத்துப்பூ வடிவமும் பளிச்சென்ற நிறமும்தான் வேண்டும் என்பவர்களுக்குப் பென்டாஸ் நெருங்கி வரும். சிவப்புப் பென்டாஸ் வெயிலில் மாதக்கணக்கில் தேன் தந்துகொண்டே இருக்கும். ஆனால் தண்ணீர் லாண்டனாவைவிட அதிகம் கேட்கும், உறைபனி ஆகாது, இரண்டு மூன்று ஆண்டுகளில் அடி மொட்டையாகி உயர்ந்துவிடும் என்பதால் பதியன் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். சமவெளித் தோட்டங்களில் எளிய விடையாக இருக்கும் வெட்சி, அதாவது இட்லிப்பூ, குன்னூர்க் குளிரில் இலை வெளுத்துத் தயங்கி நிற்கும். மலையில் அதை நம்ப வேண்டாம். வேலியோரத்தில் இடமிருந்தால் கிலுகிலுப்பைச் செடி சிலவற்றை நடலாம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் சமவெளிக்கும் இடையே கூட்டமாக வலசை போகும் நீலவரியன் போன்ற வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள், இணைசேர்க்கைக்குத் தேவையான வேதிப்பொருளைத் தேடி, கிலுகிலுப்பையின் வாடிய இலையிலும் காயிலும் மொய்ப்பதைக் கல்லாறு, குன்னூர் வழியில் பருவத்தில் பார்க்கலாம்.

மண்ணுக்கே உரிய செடி வேண்டும் என்பவர்களுக்கு நீலகிரிப் புல்வெளி ஓரங்களில் வளரும் ஆஸ்பெக்கியாவைச் சொல்வேன். உள்ளங்கையில் பாதி அளவு விரியும் ஊதாச் சிவப்பு இதழ்களும் நடுவில் வளைந்த மகரந்தத் தாள்களும் கொண்டது. அந்த மகரந்தப் பைகளின் நுனியில் சிறு துளைதான் இருக்கும். தச்சுத்தேனீ போன்ற பெரிய வண்டினம் பூவைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரச் செய்தால்தான் மகரந்தம் கொட்டும். அந்த ரீங்காரம் பக்கத்தில் நின்றால் காதில் கேட்கும். தேன் இல்லாத பூ என்பதால் வண்ணத்துப்பூச்சிக்கு இது உதவாது, தேனீக்கு உதவும். நர்சரியில் கிடைப்பது கடினம். மண்ணின் செடிகளை வளர்த்து விற்கும் சிறு நர்சரிகளைத் தேடிப்போக வேண்டும், காட்டிலிருந்து பிடுங்கி வரக் கூடாது.

இனி இடத்தைப் பொறுத்து முடிவைச் சொல்கிறேன். சோலை, ஓடை, காப்புக்காடு, கைவிடப்பட்ட தேயிலை நிலம் இவற்றில் ஏதாவது பார்வைக்கெட்டும் தொலைவில் இருந்தால் காய்க்கும் புதர் லாண்டனாவை நடவே கூடாது; கொடிவேலியும் பென்டாஸும் போதும். ஊர் நடுவில், சுற்றிலும் கட்டடங்கள் உள்ள வீட்டின் மொட்டைமாடித் தொட்டியில் காய்க்காத குட்டை வகையை வைப்பதில் பெரிய தீங்கில்லை. நான்கு பக்கமும் கைக்கெட்டும் தொட்டிச்செடியில் தவறிக் காய்க்கும் ஒன்றிரண்டு கொத்தையும் பச்சையாக இருக்கும்போதே கிள்ளிவிட முடியும். மாடு, ஆடு வளர்ப்பவர்களும், நடக்கத் தொடங்கிய குழந்தை உள்ளவர்களும் லாண்டனாக்கள் அனைத்தையும் விட்டுவிடலாம். காட்டெருமை நுழையாமலிருக்க வேலியோரம் லாண்டனா வைப்பதும் சில இடங்களில் நடக்கிறது. அது தின்னாது, சரி. ஆனால் தழைத்த புதர் காட்டுப்பன்றிக்கும் சிறுத்தைக்கும் வீட்டு வாசலருகே மறைவிடமாகிறது என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

வாங்கிய நிலத்தில் ஏற்கெனவே உண்ணிச்செடி மண்டியிருந்தால் மேலே வெட்டிப் பயனில்லை. வெட்டிய ஒரு தண்டுக்குப் பதில் ஐந்து துளிர் வரும். துளிர்க்கும் திறன் தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில்தான் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு வகுத்த முறைப்படி, மண்ணை விலக்கி, கழுத்துக்குக் கீழே ஆணிவேரை வெட்டிச் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிட வேண்டும். பெருமழைக்கு முன், காய் பழுப்பதற்குள் செய்தால் விதை சிந்தாது. உலர்ந்த தண்டை வீணாக்கத் தேவையில்லை. கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள் இதே தண்டை வளைத்து உயிரளவு யானை உருவங்கள் செய்கிறார்கள், மேசை நாற்காலிகளும் இதில் முடைகிறார்கள். வெறுமையான மண்ணை ஒரு மாதம்கூட அப்படியே விடாமல், அந்த மழையிலேயே புல்லும் கொடிவேலிக் கன்றுகளும் நட்டுவிட வேண்டும். மண்ணில் கிடக்கும் பழைய விதைகள் அடுத்த சில ஆண்டுகளுக்கு ஒவ்வொரு மழைக்கும் முளைத்து வரும். நான்கு இலை விட்ட பருவத்தில், மண் ஈரமாக இருக்கும்போது விரலால் இழுத்தாலே வேரோடு வந்துவிடும்.